கேபினெட் முன்னால் ஃபேன் ஓடினால் என்ன ஆகும்?

வணக்கம் நண்பர்களே, இந்தப் புகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பயோசேஃப்டி கேபினெட்டில், அதாவது ஆய்வகத்தில் ஆபத்தான கிருமிகளைக் கையாளும் காற்றோட்டப் பெட்டியில், கை நுழைக்கும் திறப்புக்கு முன்னால் பிடித்திருக்கிறேன். உள்ளே போகவேண்டிய புகை என் மூக்குப் பக்கம் திரும்புகிறது, தெரிகிறதா? கேபினெட் சரியாகத்தான் ஓடுகிறது, உள்ளே கிருமி எதுவும் இல்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

முன்கண்ணாடிதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கண்ணாடி முகத்துக்கு மட்டும்தான், கை போகிற இடத்தில் நமக்கும் காசநோய்க் கிருமிக்கும் நடுவில் இருப்பது வெறும் காற்று. கிளாஸ் 2 ஏ2 என்ற கேபினெட் வகையில் அந்தக் காற்று நொடிக்குச் சுமார் 0.51 மீட்டர் வேகத்தில் உள்ளே போகவேண்டும். நாம் சாதாரணமாக நடப்பதே அதைப்போல இரண்டு மடங்கு வேகம். அப்படியென்றால் பின்னால் ஒருவர் விறுவிறுவென்று நடந்தாலோ, கதவைப் படக்கென்று திறந்தாலோ அந்தக் காற்றுத் திரை என்னாகும், யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12469 சொல்கிற பொட்டாசியம் அயோடைடு சோதனை. கேபினெட்டுக்குள் ஒரு தட்டு வேகமாகச் சுழன்று பொட்டாசியம் அயோடைடைப் பொடித் துளிகளாகச் சிதறடிக்கும். நம் கை உள்ளே இருப்பது போலவே குறுக்கே ஓர் உருளையும் வைப்பார்கள். வெளியே காற்றை உறிஞ்சிப் பிடித்த வடிதாளைப் பல்லேடியம் குளோரைடில் போட்டால், தப்பி வந்த ஒவ்வொரு துளியும் பழுப்புப் புள்ளியாகத் தெரியும், அதை உட்கார்ந்து எண்ணவேண்டும். திறந்த மேசையில் வேலை செய்தால் நம்மை வந்தடைவதில் லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே வரக்கூடாது.

ஆனால் அந்த உருளை அசையாது, நம் கை அசையும். அதுதான் விஷயமே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சளி மாதிரிகளின் எண்களைப் பார்த்து எழுத வசதி என்று ரெஜிஸ்டரை முன்பக்கக் கிரில் (திறப்பின் விளிம்பில் காற்றை உள்ளே இழுக்கும் துளைத் தட்டு) மேலேயே விரித்து வைத்திருந்தேன். ஒரு நாள் சர்வீஸுக்கு வந்தவர் எதுவும் பேசாமல் அதன் பக்கத்தில் புகையைக் காட்டினார். உள்ளேயிருந்து அது நேராக என் நெஞ்சுக்கு வந்தது. மாதக்கணக்கில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், இப்போது சொல்லும்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றிலிருந்து கிரில்மேல் ஒரு பேனாகூட வைப்பதில்லை. கையை நேராக நுழைத்து ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகுதான் குப்பியைத் திறக்கிறேன். கிரில்லிலிருந்து குறைந்தது 10 செ.மீ. உள்ளே தள்ளி வேலை. பன்சன் பர்னர் வேண்டவே வேண்டாம், அந்தச் சூடு மேலிருந்து இறங்கும் காற்றைக் குலைத்துவிடும்.

சரி, இப்போது ஃபேனை நிறுத்துகிறேன். கொஞ்சம் பொறுங்கள், இறக்கை நிற்கட்டும்... இதோ, புகை வளையாமல் நெளியாமல் கிரில்லுக்குள் இறங்குகிறது, பாருங்கள்.