பொட்டிக்குள்ள பேயி, வாய்க்காலுக்குள்ள சித்தப்பா

நடுவர் அண்ணாச்சிக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், கோயில் கொடைக்கு வந்து மணல்ல உக்காந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் போதும், எட்டு நிமிஷந்தான் குடுத்திருக்காவ.

தலைப்பு, காலம் மாற மாற சினிமா வளருதா தேயுதா. நாங்க வளருதுங்க கட்சி. புராணப்படம் போயி சமூகப்படம் வந்துச்சு, 1954லயே பாட்டே இல்லாம 'அந்த நாள்' வந்துச்சு, 1977ல '16 வயதினிலே' வந்து கேமராவ வயக்காட்டுக்கு இழுத்துட்டுப் போச்சு. மிச்சத்த எங்க அணித் தலைவர் சொல்லுவாரு, நான் எதுக்கு மூச்ச வீணாக்க.

எனக்கு முன்னால பேசுன அக்கா ஒண்ணு சொன்னாவ பாருங்க. "அந்தக் காலத்துப் பேய்க்கு ஒரு மரியாத இருந்துச்சு, வெள்ளச் சேல கட்டி அடக்க ஒடுக்கமா வந்துச்சு, இப்ப உள்ள பேயி குத்துப்பாட்டுக்கு ஆடுது, இது வளர்ச்சியா"ன்னு. எல்லாரும் கைதட்டுனிய. நானுந்தான் தட்டுனேன், எதிரணிங்கதே மறந்து போச்சு.

அக்கா, அந்த மரியாதக்காரப் பேயால எங்க சித்தப்பா பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியாது. முக்கூடல் பக்கம் ரெண்டு ஊரு, ரெண்டு டூரிங் கொட்டகை, படப்பொட்டி ஒண்ணே ஒண்ணு. இங்கன ஓடி முடிஞ்ச ரீல தகரப்பொட்டில அடுக்கி, சைக்கிள் கேரியர்ல கட்டி அந்தக் கொட்டகைக்கு மிதிக்கணும், ஒரு ரீலு பத்து நிமிஷம் போல ஓடும், கொண்டு போன ரீலு தீருததுக்குள்ள திரும்பி வந்து அடுத்தத எடுக்கணும், அதான் சித்தப்பாவுக்கு வேல. அப்பதான் 'யார் நீ' வந்துச்சு. 1966ல ரிலீசான படம், எங்கூருக்கு வர ஏழெட்டு வருஷம் ஆயிட்டு. சுசீலாம்மா 'நானே வருவேன்'னு பாடுவாவள்லா, அந்தப் பேய்ப்படம். சித்தப்பா சும்மா இருக்காம எட்டிப் பாத்துட்டாரு. பாத்துட்டுப் பொட்டியக் கட்டி ரெண்டாம் ஆட்டத்துக்குக் கெளம்புதாரு, வழியில சுடலமாடன் கோயிலு, ஆலமரம், காலு பெடல மிதிக்க மாட்டேங்கு.

நல்லா யோசிங்க. பேயி எங்க இருக்கு? ஆலமரத்துலயா? கேரியர்லல்லா இருக்கு! கயிறு போட்டு இறுக்கிக் கட்டுனதே இவருதான்! பொட்டி வேற கடகடங்கு. சைக்கிளுக்கு ஸ்டாண்டப் போட்டுட்டு பத்தடி தள்ளி உக்காந்துட்டாரு, பொட்டிய விட்டுட்டு ஓடவும் முடியாது, மொதலாளி தோல உரிச்சிருவாரு. அங்க எடவேள மேல எடவேள விட்டு முறுக்கே தீந்து போச்சு. பகல் பூரா பீடி சுத்திட்டு வந்த பொம்பளைங்க ஏசுத ஏச்சு தாங்காம, நாலு பேரு பெட்ரோமாக்ஸத் தூக்கிக்கிட்டு இவரத் தேடி வாராவ. இவரு பாக்காரு, இருட்டுக்குள்ள ஒரு வெளிச்சம் அந்தரத்துல ஆடி ஆடி வருது. கொள்ளிவாய்ப் பிசாசுன்னு வாய்க்கால்ல குதிச்சிட்டாரு!

வீட்டுக்கு வந்து சித்திகிட்ட டயரு பஞ்சர்ன்னாரு. பஞ்சரானது டயரு, வேட்டி எப்படி நனஞ்சுதுன்னு கேட்டா பாருங்க சித்தி. இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

சரி அக்கா, ஆட்டத்துக்கு வாரேன். பேயி ஆடப்பிடாதா? இன்னைக்கு ராத்திரி இந்தக் கோயில்ல என்ன நடக்கப் போவுது? வில்லடிச்சு, குடத்தத் தட்டி இசக்கியம்ம கதைய விடிய விடியப் பாடுவாவ, மேளம் ஏறுனா சாமி ஆடும். நகைக்கு ஆசப்பட்டு ஒரு பொண்ணக் கொன்னாம், அவ கள்ளிக் கொப்பப் பிள்ளயாக்கி இடுப்புல வச்சிக்கிட்டு நியாயம் கேக்க வந்தா, அதான கத? 2011ல 'காஞ்சனா'ல என்ன? ஆஸ்பத்திரி கட்ட வாங்குன நெலத்தப் புடுங்கிக்கிட்டு ஒரு திருநங்கையக் கொன்னு போட்டாம், அவ திரும்பி வாரா. எங்க ஆச்சி டிவில பாத்துட்டு, "இது என்ன பேய்ப்படம், நம்ம இசக்கில்லா, பாவம்"னு கண்ணத் தொடச்சா. பயங்காட்டுன பேய்க்கு ஒரு வழக்கு இருக்குன்னு சினிமாக்காரனுக்கு இப்பதான் பிடிபட்டிருக்கு. எங்க வில்லுக்காரருக்கு அது எப்பமோ தெரியும்.

இன்னொண்ணு. எங்க சித்தப்பா ஆயுசுல எந்தப் படத்தையும் முழுசாப் பாத்ததில்ல. மூணு ரீலு பாப்பாரு, பொட்டியக் கட்டிருவாரு. போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தப்ப, தம்பி போன்ல 'யார் நீ'யப் போட்டுக் குடுத்தான். மொத்தப் படமும் பாத்தாரு. கடைசியில பாத்தா பேயும் இல்ல பிசாசும் இல்ல, சொத்துக்காவ மனுசன் போட்ட நாடகம்.

"ஏல, அவ பேயே இல்லியால?"

"இல்ல சித்தப்பா."

"அப்ப நான் எதுக்குல வாய்க்கால்ல குதிச்சேன்?"

அம்பது வருஷம் கழிச்சுக் கேக்காரு. சிரிக்காரு, இருமுதாரு, மறுபடி சிரிக்காரு. பக்கத்துக் கட்டில்காரங்கல்லாம் எந்திச்சு உக்காந்துட்டாவ. பொறவு, "இப்ப உள்ள பேயி ஆடுமாம்லா, அதப் போடுல பாப்பம்"னாரு. போட்டோம். பாதி ஓடுனப்ப, நேரமாச்சுன்னு நர்ஸம்மா வந்து போன அமத்தச் சொன்னாவ. காலையில பாத்துக்கிடலாம்னு படுத்தாரு.

மிச்சப் பாதி எந்த நிமிஷத்துல நின்னுச்சோ, அப்படியே நிக்கி தம்பி போன்ல. அவன் இன்னும் அத...

மணி அடிச்சிட்டிய. எறங்குதேன் அண்ணாச்சி.