சட்டியில் என்ன வைத்திருக்கிறோம்?

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் செயலர் அவர்களே, என்னை அன்போடு அழைத்த தாவரவியல், விலங்கியல் துறைத்தலைவர்களே, மதுரையிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, முதுநிலை முதலாண்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை, விடியற்காலையில் இந்த மண்டபத்தைக் கூட்டிச் சுத்தம் செய்த அம்மாவுக்குப் போர்த்த முதல்வர் அனுமதிக்க வேண்டும்.

மூன்று செய்திகளைப் பேச வந்தேன். உயிரியலில் முதுநிலை படித்தால் என்ன வேலை, அதற்கு என்ன தேர்வு, வெளிநாட்டுப் படிப்புக்கு என்ன வழி. ஆனால் வேலையை மட்டும் தொட்டுவிட்டு, காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் தாவரகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

வேலை இருக்கிறது. தேசிய தகுதித் தேர்வான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நிதியுதவி பெற்றால் மாதம் 37,000 ரூபாயோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். ஆசிரியர் தேர்வு வாரியம், இந்திய வனப் பணி, உணவுப் பரிசோதனைக் கூடம், தடய அறிவியல், மருந்து ஆய்வு என்று வாசல்கள் பல. உங்கள் அண்ணன், அக்காக்களில் பாதிப்பேர், நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறார்கள். உழைத்துச் சம்பாதிக்கிறார்கள், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஐந்து ஆண்டுகள் செடியையும் பூச்சியையும் படித்த பிள்ளைக்கு அது ஒன்றுதான் கதவு என்றால், குறை பிள்ளையிடம் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். வெள்ளை அடிப்பதற்காக, செடிகளை உலர்த்தித் தாளில் பொருத்தி வைத்த உலர்தாவரத் தொகுப்பின் மூன்று அலமாரிகளைத் தாழ்வாரத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். இரவு நல்ல மழை. காலையில் பார்த்தால் தாள்கள் எல்லாம் ஊறி, அப்பளம்போல உப்பிக் கிடக்கின்றன. காவலாளி அவற்றை மரத்தடியில் குவித்துத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். பூச்சி அரிக்காமலிருக்க மெர்க்குரிக் குளோரைடு தடவிய தாள்கள் ஐயா அவை, புகை அத்தனையும் நஞ்சு! ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "குப்பைதானே சார், கொளுத்தச் சொன்னார்கள்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

குவியலில் கைவிட்டு ஒரு தாளை எடுத்தேன். கொட்டி. ஆம்பலோடு சேர்த்துப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கொட்டிதான். பழுப்பேறிய நீள இலை, காம்போடு நூலால் தைத்தது. கீழே மசிப்பேனா எழுத்தில்: "பெரிய ஏரி, மதகுக்கு வடக்கே, முழங்கால் நீர், 1958." சேகரித்தவர் பெயரை மழை அழித்துவிட்டது. நான் அந்த ஊரில் இறங்கிய பஸ் நிலையம் அந்தப் பெரிய ஏரியின் மேல்தான் நிற்கிறது. அங்கே முழங்கால் நீரில் கொட்டி பூத்தது என்பதற்கு அந்த ஒரு தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதைத்தான் கொளுத்தப் போனார்கள்.

இதில் சோறு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்துத்தான் 1918இல் கோ 205 ரகத்தைக் கொண்டுவந்தார்கள். நாணலை நாணல் என்று அறிந்தவர்கள் இருந்ததால் நடந்தது அது. சித்த மருந்துச் சரக்கு அசலா போலியா என்று சொல்லவும், ஓர் அணைத் திட்டத்தில் எந்தச் செடி மூழ்கும் என்று கணக்கெடுக்கவும் இன்றும் ஆள் தேவை. டி.என்.ஏ. வரிசையை எடுத்தாலும், பெயர் உறுதியான ஒரு மாதிரியோடு ஒப்பிட்டால்தான் அது என்ன செடி என்று தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! திருச்சியில் ராபினாட் தாவரகத்தை 1967இல் ஒரு கல்லூரிதான் தொடங்கியது, அரசு அல்ல.

ஆகவே முதல்வர் அவர்களிடமும் செயலர் அவர்களிடமும் ஒன்றே கேட்கிறேன். தாவரகத்துக்கு ஈரம் புகாத ஓர் அறை, முழுநேரக் காப்பாளர் ஒருவர், தாள்களைப் படமெடுத்து வைக்க ஒரு ஸ்கேனர். ஒவ்வொரு முதுநிலை மாணவரும் ஐம்பது செடிகளைச் சேகரித்துப் பெயரிட்டால்தான் பட்டம் என்று பாடத்திட்டக் குழுவில் எழுதி வையுங்கள்.

நேரமாகிவிட்டது என்று துறைத்தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பிள்ளைகளே, வரும் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் நிற்பேன். ஆளுக்கொரு கட்டுப் பழைய செய்தித்தாளோடு வாருங்கள்.