விரலைப் பின்தொடரும் கண்கள்

நேயர்களுக்கு வணக்கம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன். சாலை விபத்தில் தப்பியவர். நான்கு வருடம் ஆகியும் லாரி ஹாரன் கேட்டால் சட்டை நனைந்துவிடும். "எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியுது மேடம், உடம்புக்குத்தான் தெரியல" என்றார். மன அதிர்ச்சி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவருக்கு இ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவுச் சிகிச்சையைத் தொடங்கினேன். எதிரெதிரே உட்காராமல் என் நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் போட்டுக்கொள்வேன். விபத்தில் அவரை அதிகம் வாட்டும் ஒரே ஒரு காட்சியை நினைக்கச் சொன்னேன். உடைந்த கண்ணாடி, டீசல் வாசனை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வேதனை எவ்வளவு? ஒன்பது என்றார். அப்புறம் என் இரண்டு விரல்களை அவர் முகத்துக்கு ஓர் அடி தள்ளி இடமும் வலமுமாக அசைத்தேன். தலை ஆடக்கூடாது, கண் மட்டும் விரல் பின்னாலேயே போக வேண்டும். அரை நிமிடம். "மூச்சை இழுத்து விடுங்க. இப்ப என்ன தோணுது?" அவர் எதைச் சொன்னாலும் நான் விளக்கம் தருவதில்லை. "சரி, அதையே கவனிங்க." மறுபடி விரல்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ 1987இல் பூங்காவில் நடந்தபோது, கண்கள் இப்படி ஓடியதும் தன் மனச்சுமை இறங்கியதைக் கவனித்தார். அங்கே பிறந்த முறை இது. 2013இல் உலக சுகாதார நிறுவனமும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு இதைப் பரிந்துரைத்தது. காட்சியையும் பிடித்துக்கொண்டு விரலையும் தொடர மனதுக்கு இடம் போதாமல் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவு அவசியம்தானா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான். வாய்விட்டுச் சொல்லவே முடியாத கொடுமையை அனுபவித்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! மெக்சிகோவின் அகாபுல்கோ நகரைப் பாலின் சூறாவளி தாக்கியபின், அங்கே குழந்தைகளோடு வேலை செய்த லூசினா ஆர்டிகாஸ், கைகளை மார்பின் குறுக்கே வைத்து மாறி மாறித் தட்டும் 'வண்ணத்துப்பூச்சி அணைப்பை' உருவாக்கினார். கண்ணுக்குப் பதில் கை.

பதற்றத்துக்கும் உதவுமா? நாய் கடித்தது, வகுப்பில் அவமானப்பட்டது என்று பதற்றத்துக்கு ஒரு சம்பவம் வேராக இருந்தால் நல்ல பலன் பார்த்திருக்கிறேன். காரணமே பிடிபடாத கவலைக்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை.

வீடியோ பார்த்து நீங்களாகச் செய்துகொள்ளாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சிகிச்சையின் எட்டுக் கட்டங்களில் விரல் அசைப்பது நான்காவதுதான். பழைய வேதனை பொங்கி வந்தால் தாங்கிக்கொள்ள, அதற்கு முன்பே ஆளைத் தயார் செய்ய வேண்டும். பயிற்சி பெற்றவர்தானா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக வந்தபோது அவரிடம் அதே காட்சியைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "கண்ணாடி தெரியுது மேடம். ஆனா ரொம்பத் தூரத்துல தெரியுது" என்றார்.

வணக்கம்.