சிவப்புப் புள்ளி விமானப் படம்: எழுதுறவங்க கட்டாயம் பாருங்க

மக்களே, வணக்கம். செம எரிச்சல்ல இருக்கேன், நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். ஒரு ஆன்லைன் எழுத்துப் பயிற்சி, பேரு வேணாம். ஜெயிச்ச எழுத்தாளர்களோட பழக்கங்களாம். 4,999 ரூபா! அதுக்கு மேல ஜிஎஸ்டி தனி, 18 சதவீதம். கூட்டினா கிட்டத்தட்ட 5,900. புத்தகக் கண்காட்சியில ஒரு பை நிறைய அள்ளியிருக்கலாம். உள்ள போனா, காலையில நாலு மணிக்கு எழுந்திரு, தினம் ஆயிரம் வார்த்தை எழுது. அவ்வளவுதான்.

நாலு மணிக்கு எழுந்து எழுதியும் பேரே தெரியாமப் போனவங்க இருப்பாங்கல்ல? அவங்களை யாரு பேட்டி எடுத்தா? இதுதான் சர்வைவர்ஷிப் பயாஸ். தப்பிச்சு வந்தவங்களை மட்டும் வெச்சுக் கணக்குப் போடுறது. மென்டல் மாடல்கள்ல, அதாவது யோசிக்க உதவுற சூத்திரங்கள்லயே, எனக்கு உசிரு இதுதான்னு உங்களுக்கே தெரியும்.

இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம், கணிதவியலாளர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போர் சமயம், நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவுல இருந்தவர். அடிபட்டுத் திரும்பின விமானங்கள்ல ஓட்டை அதிகமா இருக்கற இடத்துல கவசம் போடலாம்னுதான் யாருக்கும் தோணும். ஆனா வால்ட் யோசிச்சது வேற: திரும்பி வந்ததுல இன்ஜின்ல ஓட்டை கம்மின்னா, இன்ஜின்ல அடி வாங்கினது வந்து சேரவே இல்லன்னு அர்த்தம், கவசம் அங்கதான் வேணும்.

இன்னொரு எரிச்சல். இந்தக் கதையோட யூடியூப் ஷார்ட்ஸ்ல ஒரு படம் ஓடுதுல்ல, விமானத்துல ஓட்டை விழுந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வெச்சது, அது வால்ட் போட்டதே இல்ல! ரொம்பப் பின்னாடி விளக்கத்துக்காக வரைஞ்சது. 1943-ல அவர் எழுதின குறிப்புகள் முழுக்கச் சமன்பாடுதான். 1980-ல மறுபதிப்பும் வந்திருக்கு.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். அவர் இறந்தது நம்ம நீலகிரியில! உரை நிகழ்த்த இந்தியா வந்தவர், 1950 டிசம்பர் 13, விமான விபத்து. மனைவியும் கூடவே போயிட்டாங்க. இதைத் தமிழ்ல எவ்வளவு பேர் பேசியிருக்கணும்!

சரி, எழுத்துக்கு வர்றேன். என் சுங்குடிச் சேலைக் கட்டுரையை 'சூப்பர்'னு சொன்னவங்க எல்லாருமே கடைசி வரை படிச்சவங்க. பாதியில விட்டவங்க வாயே திறக்க மாட்டாங்க, எனக்கு வேண்டியது அவங்கதான். அதனால பிரின்ட் எடுத்தேன், பக்கம் 3 ரூபா. கீழ் வீட்டு அக்கா, டெய்லர் அண்ணன், என் தம்பி, ஆளுக்கு ஒண்ணு, கூட ஒரு பென்சில். "அக்கா, நல்லாருக்கு, நல்லால்லன்னு எதுவும் சொல்ல வேணாம். கீழ வெச்சுடலாம்னு தோணுற இடத்துல ஒரு கோடு மட்டும் போடுங்க."

எல்லாக் கோடும் மூணாவது பத்தியில! சுங்குடி போடுற சௌராஷ்டிரர்கள் மதுரைக்கு வந்த வரலாறு, நான் ஆசை ஆசையா எழுதினது. துணியை நகத்தால கிள்ளி, நூலைச் சுத்தி இறுக்கி, குட்டி முடிச்சா போடுவாங்களே, அது அதுக்கு அப்புறம்தான் வருது. யாரும் அங்க வரைக்கும் போகவே இல்ல. முடிச்சை மேல தூக்கிட்டு, வரலாற்றை மூணு வரியாக்கினேன். அக்கா இந்தத் தடவை பென்சிலைத் தொடவே இல்ல. கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்து, "மிச்சம் எங்கடி?"ன்னாங்க! அன்னைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில இல்ல.

ஓ, பேனா கொடுக்காதீங்க. பென்சில்தான். பேனான்னா திருத்த ஆரம்பிச்சுடுவாங்க, எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழைன்னு, நம்ம கேட்டது வராது.

அடுத்த வீடியோல நம்ம சேனலோட ரிட்டென்ஷன் கிராஃபைத் திறக்குறேன். எந்த நிமிஷத்துல ஆளுங்க கிளம்புறாங்கன்னு ஒண்ணொண்ணாப் பார்ப்போம்.