பக்கத்து மேசையில் யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனிக்குக் குடிபோகிறவர்களுக்கு உதவும்படி ஏதாவது பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். குளிரைப் பற்றியும் கம்பளிச் சட்டையைப் பற்றியும் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் டோர்ட்முண்ட் நகரத்தில் ஜெர்மன் வகுப்பில் உட்கார்ந்த முதல் சில வாரங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கணவருக்கு வேலை கிடைத்து, அவரோடு கூடப் போகும் பெண்களில் பலர் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள், ஊரில் நாலு பேருக்கு வேலை சொன்னவர்கள், அங்கே போய் வாயைத் திறக்காமல் வீட்டோடு இருந்துவிடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

வகுப்பு என்றால் என்ன வகுப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தோடு ஜெர்மன் அரசு 'இன்டெக்ராட்சியோன்ஸ்கூர்ஸ்', அதாவது ஒருங்கிணைப்புப் படிப்பு என்ற ஒன்றைத் தொடங்கியது. பொதுவான வகுப்பில் மொழிக்கு 600 பாடவேளை. அந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை ஆகியவற்றுக்கு 100 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். ஏ1 என்ற அடிப்படை நிலையில் தொடங்கி, அன்றாடப் பேச்சைத் தானாகச் சமாளிக்கும் பி1 நிலை வரை கொண்டுபோவார்கள். பல ஊர்களில் இதை நடத்துவது 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' என்னும் மக்கள் கல்விக்கூடம். பழைய ஏற்பாடு அது. 1919இல் எழுதிய வைமார் அரசியல் சட்டத்தின் 148ஆம் பிரிவிலேயே இந்தக் கல்விக்கூடங்களை அரசு ஆதரிக்க வேண்டும் என்று இருக்கிறது. காலையில் நாங்கள் ஜெர்மன் படித்த கட்டடத்தில் மாலையானால் உள்ளூர்க்காரர்கள் யோகாவுக்கும் ஓவியத்துக்கும் வருவார்கள்.

துணையோடு சேர்ந்து வாழப் போகிறவர் புறப்படுவதற்கு முன்பே ஏ1 சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற விதி 2007 முதல் இருக்கிறது. சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் படித்து, தேர்வு எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் ப்ளூ கார்டு, அதாவது படித்த வேலைக்காரர்களுக்குத் தரும் குடியிருப்பு அனுமதி, வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே ஐ.டி. வேலைக்குப் போகிற குடும்பங்களில் பலர் ஒரு சொல்கூடத் தெரியாமல் விமானத்திலிருந்து இறங்குகிறார்கள். ஆபீசில் எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், எதற்கு வகுப்பு என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆபீசுக்குப் போகிறவருக்கு அது சரி. மழலையர் பள்ளி, டாக்டர், வீட்டு உரிமையாளர், தபால்காரர் என்று பகல் முழுக்க ஊரோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அது சரிவராது.

முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தபோது ஆசிரியை "ஃப்ராவ் கோவிந்தராஜன்" என்று கூப்பிட்டார். ஃப்ராவ் என்றால் திருமதி. நான் நிமிர்ந்து பார்த்தேன். அது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால் அதுவே அங்கே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தக் குளிர்ந்த ஊரில், அவரைப் பார்த்தேயிராத ஒருவர், தினமும் காலையில் அவர் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்து எண்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஊரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். ஜெர்மனில் எண்பத்தேழு என்பதை ஏழும் எண்பதும் என்ற வரிசையில் சொல்வார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் பலருக்கு உண்டு. ஆசிரியை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். ஏழு என்று காதில் விழுந்ததும் கை ஏழைப் போட்டுவிடும். எண்பது என்று கேட்கும்போது முன்னால் இடம் இருக்காது. பக்கத்தில் இருந்த சிரியாக்காரப் பெண் என் நோட்டைப் பார்த்தாள். பிறகு தன் நோட்டை என் பக்கம் தள்ளினாள். அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டம் இடம் விட்டு, வலப்பக்க எண்ணை முதலில் எழுதி, அப்புறம் இடப்பக்கத்துக்கு வந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். அரபியிலும் இப்படித்தான் ஒன்றாம் இடத்து எண்ணை முன்னால் சொல்வோம் என்று விரலை மடக்கிக் காட்டினாள். இடைவேளையில் நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் எண் சொல்லி எழுதிக்கொண்டோம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு அரபி தெரியாது. ஜெர்மனைத் தவிர எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான். முதல் வாரங்களில் ஜெர்மன் பேச நமக்கு ஜெர்மானியர்கள் கிடைக்க மாட்டார்கள். கடையில் நாம் தடுமாறினால், உதவுகிற நல்லெண்ணத்தில் அவர்கள் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள், அல்லது பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்படுவார்கள். நாம் ஒரு வாக்கியத்தைத் தேடித் தேடி முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையுள்ளவர், நம்மைப் போலவே தேடிக்கொண்டிருக்கும் வகுப்புத் தோழர்தான். எரித்ரியாவிலிருந்து வந்த பெரியவரிடம்தான் நான் முதன்முதலாக ஒரு முழுக் கதையைச் சொன்னேன், எங்கள் வீட்டுக் கிணறு வற்றிய கதையை. பாதி சொல்லுக்குக் கையை ஆட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, தன் ஊர்க் கிணற்றின் ஆழத்தைச் சொன்னார்.

இலக்கணத்தைக் கண்டு ரொம்பப் பயப்படாதீர்கள். 'டெர், டி, டாஸ்' என்று மேசைக்கும் கதவுக்கும் பால் பிரிப்பது நமக்குப் புதிது. சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆனால் நேற்று நான் சோறு சமைத்தேன் என்பதில் சமைத்தது ஜெர்மனிலும் கடைசியில்தான் வரும். இங்கிலீஷ் பழகியவர்கள் அங்கே தடுக்கி விழுகிறார்கள். இப்படிப்பட்ட வாக்கியங்களில் தமிழில் யோசித்தால் முதன்மை வினை தானாகப் போய்க் கடைசியில் உட்கார்ந்துகொள்ளும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அவர்களுக்கு உண்டு. யாரை எப்படி அழைப்பது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் முக்கியமான விஷயம் எல்லாம் இன்னும் தபாலில்தான் வருகிறது. முகவரியைப் பதிந்த சில வாரத்தில் வீட்டுக்கு வரும் கடிதங்களில் ஒன்று ஒலிபரப்புக் கட்டணத்துக்கானது. ரேடியோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வானொலியில் இதைச் சொல்வது பொருத்தம்தான்! விளம்பரம் என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. எங்கள் ஆசிரியை, புரியாத கடிதம் எதுவானாலும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்றார். தேதி எங்கே, தொகை எங்கே, எந்த நாளுக்குள் பதில் போட வேண்டும் என்று தேடிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். புத்தகத்தில் எந்தப் பாடமும் எனக்கு அவ்வளவு உதவியதில்லை.

டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஹம் நகரம் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோவில் அங்கேதான். அந்தக் கோவிலில் ஓர் ஈழத்து அம்மாவைச் சந்தித்தேன். 1980களில் அகதியாக வந்தவர். "எங்களுக்கு ஒரு வகுப்பும் இல்லைப் பிள்ளை. ரெஸ்டோரண்ட் குசினியிலதான் பாஷை படிச்சனாங்கள். நீர் விடாமல் போம்" என்றார். இன்றைக்கும் டாக்டரிடம் போக மகளைத்தான் கூட்டிப்போகிறாராம். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று எனக்குத் தோன்றிய நாட்களில் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது புறப்படத் தயாராக இருப்பவர்களுக்கு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அந்தக் கையோடு மொழி வகுப்புக்கும் பெயர் கொடுங்கள். இடம் கிடைக்கச் சில மாதம்கூட ஆகலாம். ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பகல்நேரப் பராமரிப்பு இடம் கேட்கும் உரிமை 2013 முதல் சட்டத்தில் இருக்கிறது. அதற்கும் அன்றே எழுதிப் போடுங்கள். காத்திருக்கும் காலத்தில் டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிலையம் தரும் மெதுவாக வாசிக்கும் செய்தியைத் தினமும் கேளுங்கள், எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். சேர்வதற்கு முன் நடக்கும் நிலைத்தேர்வில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மேல் வகுப்பில் போய் முழிப்பதைவிட அடியிலிருந்து வருவது நல்லது. வகுப்பில் இன்னொரு தமிழர் இருந்தால் இடைவேளையில் ஆசை தீரப் பேசுங்கள், பாடம் தொடங்கியதும் வேறு மேசைக்குப் போய்விடுங்கள். நன்றி, வணக்கம்.