பவுண் விற்றுப் பவுண்ஸ் கட்டும் நாடு

(லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையிலே இருக்கும் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்குக் 'குடிவரவுக் கொள்கை: ஒரு பார்வை' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் அது எனக்கு அடுத்து வரும் நாட்டியத்துக்காகத்தான். பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள். சத்தம் எனக்குக் கேட்கிறது. அவர்களை அதிக நேரம் காக்க வைக்க மாட்டேன்.

சனிக்கிழமைகளில் இந்தப் பள்ளியின் பின்னறையில் ஒரு மேசை போட்டு விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறவன் நான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான் சட்டத்தரணி இல்லை. சட்ட ஆலோசனை சொல்வதற்கு எனக்கு அனுமதியும் இல்லை. ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்குப் பக்கத்திலிருந்து கேள்வியை வாசித்துச் சொல்வேன், பதிலைத் தட்டிக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் தகுதி.

2025 ஒக்டோபரில் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஒரு பெண் பிள்ளை. பிள்ளையை இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அகதிக் கேஸ் நிராகரிக்கப்பட்டுவிட்டது. பிள்ளை இங்கே ஏழு வருடம் வளர்ந்துவிட்டபடியால் 'பத்து வருடப் பாதை' என்று நாங்கள் சொல்லும் விசா கிடைத்திருந்தது. முப்பது மாதத்துக்கு ஒரு விசா. நான்கு தடவை அதை எடுத்து முடித்தால்தான் நிரந்தர வதிவிடம் கேட்கலாம்.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். அப்போது ஒரு ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,321 பவுண்ஸ். அதோடு, அரச வைத்தியசாலைகளைப் பயன்படுத்துவதற்கென்று விசாக்காரரிடம் முன்கூட்டியே வாங்கும் சுகாதார மேல்வரி, வருடத்துக்கு 1,035 பவுண்ஸ் வீதம் இரண்டரை வருடத்துக்கு 2,587.50. பிள்ளைக்கு மேல்வரி கொஞ்சம் குறைவு, வருடத்துக்கு 776. மூன்று பேருக்கும் சேர்த்து 11,078 பவுண்ஸ். மாதாமாதம் கட்டலாமா என்று அந்தக் கணவர் கேட்டார். முடியாது. முழுத்தொகையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும்.

கணவருக்கு ஒரு சேமிப்புக் கிடங்கில் இரவு வேலை. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. முதல் அட்டை நிராகரிக்கப்பட்டது. ஒரு நாளில் அதிலிருந்து எடுக்கக்கூடிய தொகைக்கு எல்லை இருந்திருக்கிறது. இரண்டாவது, மனைவியின் தங்கையுடைய அட்டை. அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, வங்கி அனுப்பிய இலக்கத்தை அவர் வாசிக்க, நான் தட்டுவதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது. மறுபடியும் தொடக்கத்திலிருந்து. மனைவி ஒன்றும் பேசாமல் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கழுத்தில் சங்கிலி இல்லை; அது இருந்த இடத்தைத்தான் விரல் தேடிக்கொண்டிருந்தது. முதல்நாளே அடகுக்குப் போய்விட்டது.

ஊரிலே தங்கத்தைப் பவுண் கணக்கில் நிறுக்கிறோம். இங்கே காசைப் பவுண்ஸ் என்கிறோம். பவுண் விற்றுப் பவுண்ஸ் கட்டுகிற சனம் நாங்கள்.

கட்டண விலக்குக் கேட்கலாம் என்று யாராவது சொல்வீர்கள். கேட்கலாம். ஆறு மாத வங்கிக் கணக்கை வரி வரியாக ஹோம் ஒஃபிஸுக்கு, அதாவது உள்துறை அமைச்சுக்கு, காட்டி, நாங்கள் ஏழைகள்தான் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினால் அதுவும் அந்தக் கணக்கில் தெரியும். இவர்களோ இரண்டு பேர் உழைக்கிறவர்கள். விலக்குக் கிடைக்கும் அளவுக்கு ஏழைகள் இல்லை, 11,078 பவுண்ஸை ஒரேயடியாகக் கட்டும் அளவுக்கு வசதியானவர்களும் இல்லை.

இந்தச் சுகாதார மேல்வரி 2015 ஏப்ரலில் தொடங்கியபோது வருடத்துக்கு 200 பவுண்ஸ். பிறகு 400. பிறகு 624. 2024 பெப்ரவரியிலிருந்து 1,035. ஒன்பது வருடத்துக்குள் ஐந்து மடங்கு. இவ்வளவுக்கும் அந்த முதியோர் இல்லத்துப் பெண் வரியும் கட்டுகிறார், தேசிய காப்புறுதியும் கட்டுகிறார். ஒரே வைத்தியசாலைக்கு இரண்டு தரம் காசு. அந்த வைத்தியசாலைகளில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் எங்கிருந்து வந்தவர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, அது மேடைகளில் வழமையாகக் கேட்கும் கேள்வி.

அரசாங்கம் சொல்லும் காரணம், குடிவரவு முறையின் செலவை அதைப் பயன்படுத்துகிறவர்களே தாங்க வேண்டும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையைப் பிரித்தானியக் குடிமகனாகப் பதிய 1,012 பவுண்ஸ் வாங்கியபோது, அந்த வேலைக்கு ஹோம் ஒஃபிஸுக்கு ஆகும் செலவு 372 பவுண்ஸ் என்பது வழக்கில் வெளிவந்தது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம், கட்டணத்தைத் தீர்மானித்தவர்கள் பிள்ளைகளின் நலனைக் கருதவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் செலவுக்கு மேலாகக் கட்டணம் வாங்குவதற்குப் பாராளுமன்றம் சட்டப்படி இடம் கொடுத்திருக்கிறது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்துறை அமைச்சராக இருந்த சாஜித் ஜாவித்தே அது பெரிய தொகைதான் என்று ஒத்துக்கொண்டவர். ஒத்துக்கொண்டதோடு சரி. 2025இல் அது 1,214 ஆக இருந்தது.

சரி, இது விசாக் கதை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஐயா ஒருவர், நல்ல மனிதர், சொன்னார்: "தம்பி, நாங்கள் ஒழுங்காக வந்தவர்கள். இந்தப் படகில் வருகிறவர்களால்தான் எங்களுக்கும் கெட்ட பெயர்." நான் வடையைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் ஒழுங்காக வந்தோமா? இந்த மண்டபத்தில் 'தலைமாற்றி' என்ற சொல் தெரியாதவர்கள் கை உயர்த்துங்கள். பிள்ளைகளைத் தவிர யாரும் உயர்த்தவில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வேறொருவருடைய கடவுச்சீட்டில் அவர் படத்தை எடுத்துவிட்டு உங்கள் அப்பாவின் படத்தை ஒட்டினால் அதற்குப் பெயர் தலைமாற்றி. கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்காக ஏஜென்சிக்காரனின் அழைப்புக்குக் காத்திருந்த கதையை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அப்போது ஏன் விசா எடுத்து வரவில்லை? எடுக்க முடியாதபடி செய்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் வரத் தொடங்கியது. 1985 மே மாதம் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று பிரித்தானியா அறிவித்தது. பொதுநலவாய நாடு ஒன்றின் மக்களுக்கு இங்கே வர விசா வேண்டும் என்று வைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை எங்களுக்கே.

இதிலே உள்ள பொறியைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் பிரித்தானியா கையெழுத்திட்டிருக்கிறது. அகதி அந்தஸ்துக் கேட்கக் கட்டணம் கிடையாது. ஒரு பென்னியும் இல்லை. ஆனால் இந்த மண்ணில் காலை வைத்த பிறகுதான் கேட்கலாம். கொழும்பிலே தூதரகத்துக்குப் போய்க் கேட்க முடியாது. அகதியாக வருவதற்கென்று ஒரு விசாவும் கிடையாது. வாசல் திறந்திருக்கிறது, படலை பூட்டியிருக்கிறது. படலைத் திறப்பை வைத்திருப்பவர்களே, "ஏன் மதில் ஏறி விழுந்தாய்?" என்று கேட்கிறார்கள்.

1987 பெப்ரவரியில் ஏறத்தாழ அறுபது தமிழர்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் திருப்பி ஏற்ற விமானத்தடிக்குக் கொண்டுபோனபோது, மாசி மாதக் குளிரில், உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு நிலத்தில் இருந்துவிட்டார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. விமானம் அவர்களை ஏற்றாமல் போனது. நீதிமன்றத் தடை வந்தது. அதற்கு அரசாங்கம் சொன்ன பதில் அடுத்த மாதமே வந்தது. சரியான பத்திரம் இல்லாத பயணி ஒருவரைக் கொண்டுவந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்ஸ் தண்டம் என்று சட்டமூலம் கொண்டுவந்தார்கள். பிறகு அதை 2,000 ஆக்கினார்கள். அன்றிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கும் பிள்ளைதான் பிரித்தானியாவின் குடிவரவு அதிகாரி. அந்தப் பிள்ளைக்கு அகதிச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. தண்டத்தொகை தெரிந்தால் போதும். விமானத்தில் ஏற முடியாதவன் படகில் ஏறுகிறான். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டி, அகதி கேட்டவர்களை அதில் அடைத்தார்கள். அவர்களில் பலர் எங்கள் ஆட்கள். ஒக்டோபர் 16 அதிகாலை அடித்த பெரும்புயலில் கயிறு அறுந்து கப்பல் மிதந்துபோய்த் தரை தட்டியது. மனிதர்களின் மனு செய்யாததைக் காற்று செய்தது; அதன் பிறகு உள்ளே இருந்தவர்களை வெளியே விட்டார்கள். 2023இல் போர்ட்லண்டில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதவையில் அகதிகளை ஏற்றினார்கள். சில நாட்களில் தண்ணீரில் நோய்க்கிருமி இருக்கிறது என்று இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள், அடுத்த வருடக் கடைசியில் மூடினார்கள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "அங்கே என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டு நாங்கள் தேநீர் குடித்தோம்.

இன்னொரு வழக்கு. 1987 டிசம்பரில், அப்போது இங்கே அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, சில தமிழ் இளைஞர்களுக்கு இலங்கையில் உள்ள பயம் ஆதாரமுள்ளது அல்ல என்ற உள்துறை அமைச்சரின் முடிவை ஏற்றது. 1988 பெப்ரவரியில் அவர்களில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினார்கள். மேன்முறையீடு செய்வதானால் அங்கே போயிருந்து செய் என்பது அப்போதைய விதி. அங்கேயிருந்து செய்தார்கள். 1989இல் வென்றார்கள். அவர்கள் அகதிகளாக இருந்ததும் அனுப்பியது பிழை என்பதும் முடிவாகி, அதே வருடம் ஒக்டோபரில் திரும்ப அழைத்துவந்தார்கள். பிறகு 1991இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அனுப்பிய நேரத்தில் பிரித்தானியா ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை மீறவில்லை என்றும் சொல்லிவிட்டது. இதை நான் மூன்று தடவை வாசித்தேன். எனக்கு இன்னும் சமிபாடு ஆகவில்லை.

அகதி கேட்டு வந்தவர்களை ஆபிரிக்காவிலுள்ள ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் அறிவித்தார். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அது சட்டவிரோதம் என்றார்கள். 2024 ஜூலையில் புதிய அரசாங்கம் கைவிட்டது. 700 மில்லியன் பவுண்ஸ் போய்விட்டது என்று அப்போதைய உள்துறை அமைச்சர் இவெட் கூப்பர் பாராளுமன்றத்தில் சொன்னார். போனவர்கள் நான்கு பேர், அவர்களும் தாமாக விரும்பிப் போனவர்கள்.

ஆனால் டியேகோ கார்சியா என்ற தீவைச் சொல்லாமல் இறங்க முடியாது. 2021 ஒக்டோபரில் கனடாவுக்கென்று புறப்பட்ட மீன்பிடிப் படகு ஒன்று இந்து சமுத்திரத்தில் தத்தளித்தது. அதில் 89 தமிழர்கள். பிரித்தானியக் கடற்படை அவர்களை டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுபோனது. அது பிரித்தானிய மண். ஆனால் அகதிகள் உடன்படிக்கையை அந்த மண்ணுக்குப் பிரித்தானியா நீடிக்கவில்லை. மண்ணில் கால் வைத்தாயிற்று, அது சரியான மண் இல்லை என்கிறார்கள். வேலி அடைத்த முகாமில், கூடாரங்களில், குழந்தைகளோடு மூன்று வருடத்துக்கு மேல். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே, அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பும் வந்தது.

இவர்களால் முடியாது என்றும் இல்லை. 2022இல் உக்ரைன் மக்களுக்குக் கட்டணமில்லாமல் விசா கொடுத்தார்கள், மேல்வரியும் வாங்கவில்லை. இரண்டு இலட்சத்துக்கு மேல் வந்தார்கள். ஆங்கிலக் கால்வாயில் ஓர் உக்ரைன் படகு வந்ததாக நீங்கள் கேள்விப்பட்டீர்களா? கொடுத்தது நல்லது. எனக்கு அதில் பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் டென்மார்க்கைப் பார்த்து ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தார். அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகும் முப்பது மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. நிரந்தர வதிவிடம் கேட்க இருபது வருடம். அதுவரை அது ஐந்து வருடம். அந்தக் கல்யாண மண்டபத்து ஐயா 1989இல் வந்தவர். இருபது வருடம் என்றால் அவர் 2009 வரை காத்திருந்திருப்பார். 2009 மே மாதம் அவர் கடவுச்சீட்டு இல்லாமல், அடுத்த மறுபரிசீலனையில் "போர் முடிந்துவிட்டதே, போகலாமே" என்ற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். நான் அதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வடையைச் சாப்பிடும் தம்பி, ஆறுகிறது" என்றார்.

அந்த ஒக்டோபர் இரவுக்கு வருகிறேன். மூன்றாவது அட்டையில் காசு போனது. பதினொரு மணி ஆகிவிட்டது. பிள்ளை இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் போட்டு அதில் தூங்கிவிட்டாள். ரசீதை அச்செடுத்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டார்: "அண்ணை, அடுத்த முறைக்கு எவ்வளவு வரும்?"

கட்டணத்தை வழமையாக ஏப்ரலில் மாற்றுவார்கள், அப்போது பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சலங்கைச் சத்தம் கூடிவிட்டது. பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். வணக்கம்.