இளவரசரை எதிர்த்துப் பேசிய நூலகர்

வணக்கம் மக்களே. நார்வே தலைநகர் ஒஸ்லோவில், பிளிண்டர்ன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறேன். காற்று பலமாக இருக்கிறது, சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் தெரிகிற இந்தப் பெரிய கட்டடம்தான் நூலகம். 1999இல் திறந்தார்கள். பெயர் கியோர்க் ஸ்வெர்த்ருப் இல்லம்.

ஸ்வெர்த்ருப் என்றதும் சிலருக்கு எண்ணெய் ஞாபகம் வரும். வடகடலில் 2019இல் உற்பத்தி தொடங்கிய ராட்சத எண்ணெய் வயலுக்கு யுஹான் ஸ்வெர்த்ருப் என்று பெயர். அந்த யுஹான் 1884இல் இந்த நாட்டின் பிரதமரானவர். இன்றைக்கு நாம் பேசப்போகிற கியோர்க், அவருடைய அப்பாவின் அண்ணன். பெரியப்பா முறை. தம்பி மகன் பெயரில் எண்ணெய், பெரியப்பா பெயரில் புத்தகம். எனக்கென்னவோ பெரியப்பா கதைதான் சுவாரசியம்.

1770இல் நாட்டின் நடுப்பகுதிக் கடற்கரையில், நேரொய் என்ற ஊர்ப்பக்கம் பிறந்தவர். அந்தக் காலத்தில் நார்வே டென்மார்க் ராஜாவின் கீழ் இருந்தது. பல்கலைக்கழகம் கிடையாது. பட்டம் வேண்டுமென்றால் கப்பலேறி கோபன்ஹேகன் போக வேண்டும். இவரும் போனார், கிரேக்கம் படித்தார், அங்கேயே பேராசிரியரும் ஆனார். 1811இல் ராஜா ஒருவழியாக நார்வேக்குப் பல்கலைக்கழகம் தர ஒப்புக்கொண்டார். 1813இல் வகுப்பு ஆரம்பித்தபோது மாணவர்கள் மொத்தம் 17 பேர். ஒரு டியூஷன் சென்டர் அளவு! அங்கே கிரேக்கமும் லத்தீனும் சொல்லித்தர வந்தவர், அப்படியே நூலகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். முதல் இருப்பு கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இரண்டு பிரதி இருந்த புத்தகங்கள். அங்கே மிஞ்சியது இங்கே அடித்தளம்.

புத்தகத்தை அடுக்கி முடிப்பதற்குள் நாட்டின் தலையெழுத்தே மாறிவிட்டது. நெப்போலியன் பக்கம் நின்ற டென்மார்க் தோற்றது. 1814 ஜனவரியில் கீல் ஒப்பந்தம். டென்மார்க் ராஜா நார்வேயைச் சுவீடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நார்வேக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலத்தோடு ஆளையும் சேர்த்துக் கிரயம் பண்ணிய மாதிரி.

அப்போது நார்வேயில் ராஜாவின் பிரதிநிதியாக இருந்தவர் டென்மார்க் இளவரசர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக். அவருக்குச் சுவீடனிடம் நாட்டைக் கொடுக்க மனமில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு வேறு: 'நான் அரச வாரிசு, கிரீடம் எனக்குத்தான் வர வேண்டும், நானே ராஜா என்று அறிவித்துவிடுகிறேன்.' பிப்ரவரி 16ஆம் தேதி ஐட்ஸ்வோலில், இரும்பு ஆலை முதலாளி கார்ஸ்டன் அங்கரின் வீட்டில், 21 முக்கியஸ்தர்களைக் கூட்டினார்.

இங்கேதான் நம்ம நூலகர் வருகிறார். அவர் இளவரசரிடம் சொன்னதன் சாரம் இது: டென்மார்க் ராஜா நார்வேயைக் கைவிட்ட நிமிடமே அதிகாரம் மக்களிடம் திரும்பிவிட்டது. இந்தக் கிரீடத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற உரிமை எனக்கு இருப்பதை விட, வேறு எந்த நார்வேக்காரருக்கும் இருப்பதை விட ஒரு துளிகூட அதிகமில்லை. மக்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

யோசித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் இளவரசர். பேசுகிறவர் சம்பளத்துக்குக் கிரேக்கம் சொல்லித்தருகிற வாத்தியார். என்ன தைரியம்! இளவரசரும் இறங்கிவந்தார், அதையும் பாராட்டத்தான் வேண்டும். சர்ச்சு சர்ச்சாக மக்கள் கூடி நாட்டின் சுதந்திரத்தைக் காப்போம் என்று சத்தியம் செய்தார்கள், அரசியல் சட்டம் எழுத ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலும் அங்கேயே தொடங்கியது. ஏப்ரலில் அதே ஐட்ஸ்வோல் வீட்டில் 112 பேர் கூடினார்கள். வடகோடி மாவட்டங்களின் ஆட்கள் வந்துசேர நேரமே இல்லை. தூரம் அப்படி.

ஆறே வாரம். அரசியல் சட்டம் தயார். சபைத் தலைவரை வாரம் ஒருவராக மாற்றிக்கொண்டே வந்தார்கள். கடைசி வாரம் ஸ்வெர்த்ருப்புக்கு விழுந்தது. அதனால் சட்டம் கையெழுத்தான மே 17 அன்று தலைவர் நாற்காலியில் இருந்தவர் இவர். அதே நாளில் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக்கை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். நார்வேயின் பழைய சிம்மாசனம் மறுபடி எழுந்துவிட்டது என்று ஸ்வெர்த்ருப் பேசிய பேச்சு இங்கே பிரசித்தம். மே 17க்கு இங்கே குழந்தைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவது இந்த நாளுக்காகத்தான்.

அந்த ராஜா ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சுவீடனோடு சின்னதாய் ஒரு போர், அக்டோபரில் அவர் நாட்டை விட்டுப் போனார், நவம்பரில் சுவீடனோடு கூட்டு. ஆனால் சட்டம் தப்பித்தது. அதுதான் பெரிய விஷயம்.

சரி, இதோடு கேமராவை அணைத்தால் நல்ல கதை. ஆனால் அந்தச் சட்டத்தின் 2ஆவது பிரிவில் ஒரு வரி இருந்தது: யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது. அன்றைக்கு நார்வேயில் யூதர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இல்லாதவர்களுக்கு எதிராகக் கதவைப் பூட்டினார்கள். அதற்கு முன்னின்று வாதாடியவர்களில் இவரும் ஒருவர். சட்டத்தை எழுதியதில் முக்கியமானவரான கிறிஸ்டியன் மாக்னுஸ் ஃபால்சன், நிக்கொலாய் வெர்கெலான் என்ற பாதிரியார், அப்புறம் நம்ம நூலகர். சுவீடனோடு சேரலாமா என்ற விஷயத்தில் பாதிரியார் இவருக்கு நேர் எதிர் அணி. இந்த ஒன்றில் மட்டும் கைகோத்துக்கொண்டார்கள். 'காலம் அப்படி' என்று சிலர் சமாளிப்பார்கள். எனக்கு அது செரிக்கவில்லை. இவர்கள் படிக்காதவர்கள் இல்லையே, நாட்டிலேயே அதிகம் படித்தவர்கள்.

அந்தப் பாதிரியாருக்கு ஒரு மகன், ஹென்ரிக் வெர்கெலான். பெரிய கவிஞர். 1836இல் அவருக்கு வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? பல்கலைக்கழக நூலகம். மேலதிகாரி ஸ்வெர்த்ருப்! கொஞ்ச நாளில் ஹென்ரிக் அந்த யூதத் தடையை நீக்கச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அப்பாவும் பழைய மேலதிகாரியும் சேர்ந்து போட்ட பூட்டு. 1842இல் நாடாளுமன்றத்தில், அதாவது ஸ்டூர்டிங்கில், பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தது, ஆனால் அரசியல் சட்டத்தை மாற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1845இல் ஹென்ரிக் 37 வயதில் இறந்துபோனார். அதே 1845 வரை ஸ்வெர்த்ருப்தான் நூலகர், முப்பது வருடத்துக்கும் மேல்.

1850 டிசம்பர் 8, ஸ்வெர்த்ருப் காலமானார். தடையை 1851இல் எடுத்தார்கள். அவர் போய் ஓராண்டுகூட ஆகவில்லை.

சரி, விரல் மரத்துப்போச்சு. உள்ளே போய் ஹென்ரிக்கின் கவிதைப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கேமராவை இங்கேயே நிறுத்துகிறேன், உள்ளே எல்லோரும் படித்துக்கொண்டிருப்பார்கள்.